மாப்பிள்ளையின் வீரர்களுக்கு நான் துரு எடுத்த கதை

வெயில் நன்றாக ஏறியிருந்தது. எங்கள் வீட்டுப் பின்புறம், துணி துவைக்கும் கல்லின்மேல் பழைய செய்தித்தாளை விரித்து அதில் பதினேழு போர்வீரர்களை வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒருவனும் என் கட்டைவிரல் உயரம்கூட இல்லை. தலைக்கவசம், மார்புக்கவசம், முழங்காலுக்கு ஒரு தகடு, கையில் வாள் அல்லது ஈட்டி, முதுகில் நீலத் துணி. எல்லாம் ஈயக் கலவையில் வார்த்த உருவங்கள்.

பக்கத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையில், பெயிண்டைக் கரைக்கும் தின்னர். ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, தின்னரில் தொட்டு, ஒவ்வொருவனின் கவசத்தையும் துடைத்துக்கொண்டிருந்தேன். பழுப்புப் பழுப்பாக வந்தது. பஞ்சை மாற்றி மாற்றித் துடைத்தேன். முகத்தில் ஒரு சொட்டுப் படவில்லை, நீலத் துணியில் ஒரு சொட்டுப் படவில்லை. கை நடுங்காமல் இந்த வயதிலும் இப்படி வேலை செய்ய முடிகிறதே என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த நேரத்தில் என் மனைவி கிரேஸ் துணி காயப்போட வந்தாள். ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன செஞ்சிக்கிட்டு இருக்கிய? மாப்பிள்ளை சாமானைத் தொடலாமா? அவருட்ட கேட்டியளா?"

"ஏளா, நம்ம ஊரு காத்து அவரு பொருளக் கெடுத்துட்டு. நாமதான சரி பண்ணிக் குடுக்கணும்? கேட்டா வேண்டாம்பாரு. அவரு வந்து பாக்கும்போது பளபளன்னு இருக்கட்டும்."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு. அதான் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் துணியை உதறினாள். அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் எத்தனையாவது முறையாக இந்த வாக்கியத்தை எழுதுகிறேன் என்று கிரேஸ் கணக்கு வைத்திருப்பாள்.

எனக்கும் துருவுக்கும்

சென்ற வாரம் துறைமுகத்து மிதவைகளைக் கரைக்குத் தூக்கிவந்து சுரண்டி வண்ணம் அடித்த நாட்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "ஐயா, வாராவாரம் துருவைப் பற்றியே எழுதுகிறீர்களே, உங்கள் வீட்டில் மனிதர்களே இல்லையா?" நியாயமான கேள்வி. மிதவைகள் இருக்கட்டும், இந்த வாரம் வீட்டு மனிதர்கள்தான். ஆனால் அம்மா, இதிலும் துரு வரும். மன்னிக்கவேண்டும்.

துறைமுகப் பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் பெயிண்டிங் மேஸ்திரியாக இருந்தவன் நான். இழுவைப் படகு, கிரேன், தண்ணீர்க் குழாய், படிக்கட்டுக் கைப்பிடி, எதுவானாலும் எங்கள் வேலை ஒன்றுதான். சுத்தியலால் தட்டித் துருவை உதிர்த்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அதன்மேல் பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். முடித்துவிட்டு நிமிர்ந்தால் முதலில் அடித்த இடத்தில் மறுபடியும் துரு எட்டிப்பார்க்கும். திரும்பவும் முதலிலிருந்து.

எங்கள் வீடு முத்தையாபுரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் கடல். இங்கே சன்னல் கம்பி துருப்பிடிக்கும், கேஸ் சிலிண்டரின் அடி துருப்பிடிக்கும், பீரோவுக்குள் வைத்த ஊக்கு துருப்பிடிக்கும். வெளியூர்க்காரர்கள் யாராவது புது சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்து தங்கினால் எனக்குத்தான் கவலை. அவர்கள் ஊருக்குத் திரும்பும்போது அதன் ரிம்மைப் பார்த்து எங்கள் ஊரைத்தான் திட்டுவார்கள்.

ஒரு தடவை, புதிதாக வந்த அதிகாரி ஒருவர் இழுவைப் படகின் வெளிப்புறத்தை மட்டும் அடித்துவிட்டால் போதும், விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது என்றார். உள்ளே துருவை வைத்துக்கொண்டு மேலே பெயிண்ட் அடிக்க என் கை வராது என்று சொல்லிவிட்டேன். மெமோ கொடுத்தார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுத்தியலை எடுத்தேன். எங்கள் ஆட்கள் இரண்டு நாள் இந்தக் கதையையே பேசினார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமைக்காகத்தான். எப்படிப்பட்ட ஆள் கையில் மாப்பிள்ளையின் வீரர்கள் மாட்டினார்கள் என்பது உங்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா?

மாப்பிள்ளை

எங்களுக்கு ஒரே மகள், ஜெபா. சென்னையில் வேலை பார்த்த இடத்தில் கௌதமைப் பார்த்து, பழகி, எங்களிடம் வந்து சொன்னாள். பையன் கோயம்புத்தூர்க்காரர். எங்களைப்போல வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், இல்லை. நாசரேத்தில் என் அண்ணன் வீட்டில் ஒரு மாதம் முகம் சுளித்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பார்த்தபின் ஒருவராலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை, அத்தனை மரியாதை. "சாப்ட்டீங்களா மாமா", "உக்காருங்க அத்தை", "பரவால்லீங்க." எங்கள் ஊர்ப் பேச்சு கொஞ்சம் முரட்டுப் பேச்சு. அவர் பேசினால் எங்கள் வீட்டு நாற்காலிகளே நிமிர்ந்து உட்காரும்.

ஆனால் மூன்று வருடமாக அவர் விருந்தாளியாகத்தான் இருந்தார். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று ஒரு நாள் சொன்னதில்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று சொன்னதில்லை. கிரேஸ் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள். "நம்ம பிள்ளையா இருந்தா இந்நேரம் ரெண்டு சண்டை போட்டிருக்கும்" என்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஜெபாவுக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. நாங்கள் சென்னைக்குப் போனோம். இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். கௌதம் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி. நாங்களும் பேசவில்லை.

ஆகவே மறுபடி அவள் உண்டாகி, டாக்டர் படுக்கையைவிட்டு அதிகம் எழக்கூடாது என்று சொன்னபோது, ஐந்தாம் மாதமே எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டோம். தலைப்பிரசவம் எப்படியும் தாய்வீட்டில்தானே. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். மாப்பிள்ளையும் கூடவே வந்தார். அவர் வேலை கம்ப்யூட்டரில், எங்கிருந்தும் செய்யலாம். மாடி அறையை ஒழித்துக் கொடுத்தோம். டீக்கடையில் "என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை வீட்டோட வந்துட்டாரா" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி அவர் காதிலும் விழுந்திருக்கும். அதையும் அவர் சொன்னதில்லை.

நான் அப்போது ஜெபத்தில் கேட்டதெல்லாம் இரண்டே இரண்டுதான். இந்தப் பிள்ளை நல்லபடியாக வரவேண்டும். அது வரும்போது என் மாப்பிள்ளை எங்களோடு ஒரு ஆளாக இருக்கவேண்டும், விருந்தாளியாக அல்ல.

அவர் பெட்டியில் துணியைவிட அதிகமாக இருந்தவை சின்னச் சின்னப் பெயிண்ட் குப்பிகளும், மீசை முடி அளவு பிரஷ்களும், இந்த வீரர்களும்தான். இது ஒரு விளையாட்டாம். மேசைமேல் மலை, ஆறு, கோட்டை எல்லாம் செய்து வைத்து, இரண்டு பேர் இரண்டு படைகளை நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்துவார்களாம். விதிப்புத்தகத்தைக் காட்டினார். எங்கள் வேதாகமத்தின் பருமன் இருந்தது. படையை அவரவரே வண்ணம் அடித்துக்கொள்ள வேண்டுமாம். பாதிப் பேருக்கு விளையாட்டைவிட வண்ணம் அடிப்பதில்தான் ஆசையாம்.

வண்ணம் என்றதும் எனக்குக் காது நிமிர்ந்துவிட்டது. ஆனால் கேட்கக் கூச்சம். மாப்பிள்ளையிடம் போய் என்னவென்று கேட்பது?

வெள்ளிக்கிழமை பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமை பார்த்ததும்

ஒரு வெள்ளிக்கிழமை காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையில் ஒரு வீரன் அப்போதுதான் வெள்ளி நிறம் பூசி, ஈரத்தோடு நின்றான். புதுத் தம்ளரைப்போல மின்னினான். "அருமையா இருக்கு மாப்ள" என்றேன். "தேங்க்ஸ் மாமா. இன்னும் முடியலீங்க" என்றார். அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை நான் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து மாடி சன்னலைச் சாத்தப் போனேன். அதே வீரன் சன்னலோரப் பலகையில் மற்றவர்களோடு நின்றான். மினுக்கம் போய்விட்டது. ஆணிகளைச் சுற்றிப் பழுப்பு. தகடும் தகடும் சேரும் இடத்தில் கறுப்பு. முழங்கால் மடிப்பில் ஒழுகிய கறை. மற்ற பதினாறு பேரையும் பார்த்தேன். எல்லோருக்கும் அதே கதி.

இரண்டே நாள்! சன்னல் கிழக்கைப் பார்த்தது, நேர் கடல்காற்று. அந்த அறையை ஒழித்துக் கொடுத்தது நான், மேசையைச் சன்னலோரம் போட்டது நான். வாய் திறந்து ஒன்றும் கேட்காத மனுஷனின் ஒரே ஆசைப்பொருளை எங்கள் ஊர் உப்புக்காற்று தின்றுகொண்டிருக்கிறது, அவரோ மரியாதைக்காகச் சொல்லாமல் இருக்கிறார். இப்படித்தான் நான் நினைத்தேன். ஈயத்தில் துரு வராது என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் கண்ணால் துருவைப் பார்த்துவிட்டால் என் புத்தி அதற்கப்புறம் வேலை செய்வதில்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன். மாப்பிள்ளையும் ஜெபாவும் காலையிலேயே காரில் பாளையங்கோட்டைக்குப் போனார்கள். திரும்ப மாலையாகும். எனக்கு ஒரு முழுப் பகல் கிடைத்தது.

கல்லின்மேல் வைத்துத் துடைத்ததில் பழுப்போடு வெள்ளியும் பாதி வந்துவிட்டது. அதற்கென்ன, வீட்டில் அலுமினியப் பெயிண்ட் இருந்தது. துறைமுகத்தில் நீராவிக் குழாய்களுக்கு அடிப்பது, வெயில் மழை எதற்கும் அசையாது. மாப்பிள்ளையின் பிரஷ்ஷைத் தொட மனம் வராமல் கிரேஸின் மருதாணி பிரஷ்ஷை எடுத்தேன். முதல் கோட் அடித்து வெயிலில் காயவைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டாவது கோட். காலடித் தட்டுகளின் அடியில் ஏதோ எண்கள் எழுதியிருந்தன. துறைமுகத்தில் ஒவ்வொரு வால்வுக்கும் எண் உண்டு, அதுபோல என்று நினைத்துக்கொண்டு அவற்றின்மேல் படாமல் அடித்தேன்.

நான்கு மணிக்குப் பலகையில் மறுபடி நிறுத்தினேன். பதினேழு பேரும் கல்யாண வீட்டுப் பாத்திரங்கள்போல ஜொலித்தார்கள்.

"நல்லாருக்குங்க மாமா"

ஸ்கேன் நன்றாக இருந்தது. பிள்ளை எடை போட்டிருக்கிறதாம். ஜெபாவைக் கீழே முன்னறையில் படுக்கவைத்துவிட்டு மாப்பிள்ளை மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். பரிசு கொடுத்தவனுக்கு, வாங்கியவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

அவர் பலகைக்கு முன்னால் நின்றார். ஒருவனைக் கையில் எடுத்தார். ஆணி எது, மடிப்பு எது என்று தெரியாமல் எல்லாம் அலுமினியத்தில் மூழ்கியிருந்தது. அது எனக்கு இப்போது தெரிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது மினுக்கம் மட்டும்தான்.

"துரு ஏறியிருந்திச்சு மாப்ள. எடுத்திட்டு ரெண்டு கோட் குடுத்திருக்கேன். இனி அஞ்சு வருசத்துக்குக் கவலையில்ல."

அவர் அவனைத் திருப்பி அடித்தட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்லாருக்குங்க மாமா" என்றார். "ரொம்ப சிரமப்பட்டிருக்கீங்க."

நான் படி இறங்கும்போது ஆகாயத்தில் மிதந்தேன். மறுநாள் டீக்கடையில் நான்கு பேரிடம் சொன்னேன். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த சண்முகம், "ஏலே, பொம்மைக்குப் பெயிண்ட் அடிச்சதுக்கா இவ்வளவு எடுப்பு?" என்றான். பொறாமை என்று நினைத்தேன்.

மகள் சொன்னது

ஜெபா மாடி ஏறக்கூடாது, அதனால் அவள் அவற்றைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையும் அவளிடம் மூச்சு விடவில்லை. அடுத்த ஞாயிறு, கோயிலிலிருந்து வந்து அவள் கட்டிலருகே உட்கார்ந்து நானேதான் உளறினேன். ஒருவனைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன்.

வாங்கிப் பார்த்தாள். முகம் மாறியது.

"எப்பா, இத யாரு இப்படி அடிச்சது?"

"நாந்தான். எல்லாத்துக்கும் அடிச்சேன். துரு கேட்டியா, துரு."

"அது துரு இல்லப்பா. அவரே பூசினது."

"துருவ யாராவது வேணும்னு பூசுவாவளா?"

அவள் சிரிக்கவில்லை. பொறுமையாகச் சொன்னாள். அதற்கு வாஷ் என்று பெயராம். மை மாதிரித் தண்ணியான பெயிண்ட். வெள்ளி பூசியபின் அதை மேலே விட்டால் தானாக ஓடிப் பள்ளங்களில் தங்கும், மேடுகள் மின்னும். அப்போதுதான் ஒவ்வொரு ஆணியும் தகடும் தெரியும், உண்மையான இரும்பு என்று கண் நம்பும். "வெறும் வெள்ளி அடிச்சா அது கடையில இருந்து வந்தவன்பா. இது பூசினாத்தான் சண்டைக்குப் போயி உசுரோட திரும்பி வந்தவன் மாதிரி இருக்கும்."

நான் அவனை அவள் கையிலிருந்து வாங்கினேன்.

"அடியத் திருப்பிப் பாருங்க" என்றாள். அடியில் இருபத்து மூன்று என்று எழுதியிருந்தது. "இருபத்து மூணாவது வாரம். பன்னெண்டாவது வாரத்துல டாக்டர் பயமுறுத்துனாவல்லா, அப்போ தொடங்குனாரு. ஒவ்வொரு வாரமும் முடியும்போது சனிக்கிழமை ஒருத்தனை முடிச்சி வைப்பாரு. பிள்ளை அந்த வாரத்தைத் தாண்டிட்டுன்னு அர்த்தம். ஒங்களுக்கு ஜெபம் இருக்கு. அவருக்கு இதான்பா."

"அவரு நல்லாருக்குன்னாரேளா."

"ஒங்ககிட்ட வேற என்ன சொல்லுவாரு?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாசகர்களைப் பயத்தில் தொங்கவிட்டுப் படிக்கவைக்கும் வித்தை எனக்கு ஆகாது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தாள். நான் இதை எழுதும் மேசைக்கடியில் இப்போது என் செருப்பைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்று எங்களுக்கு அது தெரியாது. அதோடு முந்தின நாள் சனிக்கிழமை என்பது எனக்கு நினைவு வந்தது. இருபத்து ஒன்பதாவது வாரம் முடிந்துவிட்டது. பலகையில் புதிதாக யாரும் வந்து நிற்கவில்லை. மாடியில் பிரஷ்கள் காய்ந்துபோய் அப்படியே கிடந்தன. அவர் நிறுத்திவிட்டார். இல்லை, நிறுத்தியது நான்.



தொடைக்காதீங்க

மாமனார் மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியாது. காபியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வைத்துவிட்டு நின்றேன். அவர் எழுந்து நின்றார். இரண்டு பேரும் நின்றோம்.

"மாப்ள, நான் துருன்னு நெனச்சிட்டேன்."

"தெரியுங்க மாமா. பரவால்லீங்க."

"பரவால்லன்னு சொல்லாதிய. நாந்தான கெடுத்தேன். எனக்குச் சொல்லிக் குடுங்க. நானே அழுக்காக்கித் தாரேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது என்று நினைக்கிறேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அன்றே பதினேழு பேரையும் தின்னரில் ஊறப்போட்டோம். அலுமினியம், நீலம், முகம் எல்லாம் போய் வெறும் ஈயமாக நின்றார்கள். எண்கள் மட்டும் அடியில் கீறி எழுதியவை, அவை போகவில்லை. அதற்கடுத்த இரண்டு நாளும் மாலையில் அவர் வேலை முடிந்ததும் மாடியில் உட்கார்ந்தோம். முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி. வெள்ளியை நான் அடித்தேன், அதில் அவருக்குத் திருப்திதான். "மாமா கை ரொம்ப ஸ்டெடிங்க" என்றார்.

பிறகு வாஷ். பழுப்புக் குப்பியைக் குலுக்கி ஒரு மூடியில் ஊற்றினார். பிரஷ்ஷின் நுனியைத் தொட்டு ஒருவன் தோளில் வைத்தார். அது தானாகவே ஓடியது. கழுத்தின் மடிப்பில் இறங்கி, மார்புத் தகட்டின் விளிம்பைச் சுற்றி, ஆணி ஆணியாகத் தேடிப் போய் நின்றது. முப்பத்து நான்கு வருடம் நான் சுரண்டி எறிந்த ஒன்று இத்தனை அழகாக இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இப்ப நீங்க. நெறைய எடுக்காதீங்க. வெச்சிட்டு விட்டுருங்க. காயற வரைக்கும் தொடக்கூடாதுங்க."

இருபத்து ஒன்றாவது வாரத்துக்காரனை எடுத்தேன். தோளில் வைத்தேன். ஓடியது. முழங்காலில் கொஞ்சம் தேங்கியது. என் இடது கையில் பனியன் துணி இருந்தது, எந்தப் பெயிண்ட் வேலையிலும் அது என் கையில் இருக்கும். என்னை அறியாமல் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டேன்.

"தொடைக்காதீங்க மாமா!"

அது சத்தம். மூன்று வருடத்தில் அவர் குரல் அந்த உயரத்துக்குப் போய் நான் கேட்டதில்லை. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"ஏன் மாமா எதையுமே விடமாட்டேங்கறீங்க? கறை தெரிஞ்சா ஒடனே எடுத்தாகணும் உங்களுக்கு. அன்னைக்கும் அப்படித்தான். நாங்க பிள்ளையப் பறிகுடுத்துட்டு வீட்ல வந்து உக்காந்திருக்கோம். நீங்க வந்தீங்க. ரெண்டு நாள் பால்கனி கிரில்லச் சொரண்டீட்டு இருந்தீங்க. ஒரு வார்த்தை கேக்கல. அவ உள்ள படுத்திருக்கா, கரகரன்னு அந்தச் சத்தம் மட்டும் கேட்டுட்டே இருக்குது."

கீழேயிருந்து ஜெபா, "என்னாச்சு?" என்று கூப்பிட்டாள். "ஒண்ணும் இல்லளா" என்றேன். ஒன்றும் இல்லாமலா?

அவர் சொன்னது உண்மை. சென்னையில் அவர்கள் வீட்டுக் கதவு திறந்ததும் மகளின் முகத்தைப் பார்த்தேன். அதற்குமேல் அந்த அறையில் நிற்க முடியவில்லை. பால்கனிக்குப் போனேன். கம்பியில் துரு இருந்தது. கீழே கடையில் போய் துரு தேய்க்கும் எமரித் தாளும் ஒரு டப்பா பெயிண்டும் வாங்கிவந்தேன். இரண்டு நாளும் அதைத்தான் செய்தேன். அவர்களுக்காக நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று நம்பித்தான் தேய்த்தேன். அவர்களுக்கு அது வெறும் கரகரப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்?

வலித்தது. ஆனால் அந்த வலியோடு இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என் மாப்பிள்ளை என்னைத் திட்டிவிட்டார். விருந்தாளி யாரும் வீட்டுக்காரனை இப்படித் திட்டமாட்டான்.

துணியைக் கீழே வைத்தேன்.

"என்ன பேசன்னு தெரியல மாப்ள. வாயத் தொறந்தா அழுதுருவோமோன்னு பயம். நான் அழுதா ஜெபா தாங்கமாட்டான்னு நெனச்சேன்."

அவர் உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்துக்கொண்டார்.

"அழுதிருக்கலாமுங்க மாமா" என்றார். "நானும் கூட அழுதிருப்பேன். எங்கூட அழறதுக்கு யாருமே இல்லீங்க."

வெளியே உப்பு லாரி ஒன்று போனது.

பிறகு அவர் எழுந்து கம்ப்யூட்டர் பையைத் திறந்தார். அடியில் கையை விட்டு ஒரு சின்ன உறையை எடுத்தார். பிரிக்காத உறை. உள்ளே இவர்களைப்போலவே ஒரு வீரன், வண்ணம் படாத வெறும் ஈயமாக இருந்தான்.

"இது அப்ப வாங்குனதுங்க. முதல் பிள்ளைக்கு. பதினெட்டு வாரம் இருந்துச்சு. ரெண்டு வருசமா கூடவே வெச்சிருக்கறேன், பிரிக்க முடியலீங்க."

அதை என் பக்கம் நகர்த்தினார்.

"இத நீங்க அடிங்க மாமா."

நான் திருப்பி அவர் பக்கமே தள்ளினேன். "வேண்டாம் மாப்ள. என் கை கப்பலுக்குத்தான் ஆகும். இது ஒங்க பிள்ளைக்குள்ளது. நீங்களே செய்ங்க."

அவர் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மடக்கினார்.

"அதுக்கும் நீங்கதானுங்களே தாத்தா" என்றார்.

அதுவரை யாரும் என்னை அந்தப் பிள்ளையின் தாத்தா என்று சொன்னதில்லை. நானும் சொல்லிக்கொண்டதில்லை. உறையைப் பிரிக்கக்கூடத் தோன்றாமல், மூடிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் மாப்பிள்ளை முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.